எண்பது நிமிசத் தூரம்

திருகோணமலை,
22.11.1982, திங்கட்கிழமை காலை.

என்ட அன்புள்ள மகள் அசனாவுக்கு வாப்பா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நானும் உம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாம இருக்கிறம், உன்ட சுகம் தெரியாம இருக்கிறதுதான் இஞ்ச எங்கட வருத்தம். என்ட கையெழுத்தைக் கண்டதும் கடிதத்தை மடிச்சு வைச்சிடுவியோ எண்டு பயமாயிருக்கு. மடிச்சிடாதே மகள், இது போன கடிதம் மாதிரி இல்லை.

மாரி நல்லாப் பிடிச்சிட்டுது. பத்து நாளா விட்டு விட்டுப் பெய்யுது, குசினியில அடுப்புக்கு மேல ரெண்டு ஓடு விலகி ஒழுகுது, நான் ஏறப் போனனான், உன்ட உம்மா ஏணியைப் பிடிச்சுக்கொண்டு, விழுந்தா நான் தூக்க மாட்டன் எண்டு கத்தின கத்துல இறங்கிட்டன். அவவுக்கு முழங்கால் நோ குறைஞ்சிருக்கு. உன்ட தங்கச்சி லைலா போன கிழமை கிண்ணியாவிலயிருந்து தோணித் துறை கடந்து வந்து நாலு நாள் நிண்டுட்டுப் போனா, அவட சின்னவன் நடக்கத் தொடங்கிட்டான், நடக்கிறானெண்டு சொல்லேலாது, ஓடி ஓடி விழுறான். பக்கத்து வீட்டு ஆனந்தராசா மாஸ்டர் வீட்டிலயிருந்து தீபாவளிப் பலகாரம் ஒரு தட்டு வந்தது, மாஸ்டர்ட மனிசி புஷ்பவதி உனக்கெண்டு கொஞ்ச முறுக்கை டின்னில போட்டு வேற எடுத்து வைச்சிருக்கிறா, நீ எப்ப வருவாயெண்டு தெரியாமலே. அதைக் கேட்டுட்டு உம்மா குசினிக்குள்ள போய் அழுதா. எல்லாத்துக்கும் காரணம் நான்தானெண்டு எனக்குத் தெரியும், சொல்றதுக்கு ஆள் தேவையில்லை, ஆனாலும் அவ ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்றா.

ஆகஸ்ட் மாசம் நீ எழுதினாய், வெளிநாட்டுல படிக்கிற இடத்திலயிருந்து ஆராய்ச்சிக் கப்பலொண்டு தென்துருவக் கடலுக்குப் போகுது, எட்டு மாசம், கடல் தண்ணிட உப்பையும் சூட்டையும் அளக்கிற வேலை, எத்தினையோ பேர் கேட்ட இடத்துக்கு என்னைத் தெரிஞ்சிருக்கிறாங்கள், வாப்பாட சம்மதம் வேணும் எண்டு. கூடவே கப்பல் அலுவல் பார்க்கிற கந்தோர்த் தாளொண்டும் வைச்சிருந்தாய், வீட்டு ஆள் கையொப்பம் வைக்கிறதுக்கு. அதுல ஒரு வரி, ஆபத்து ஏதும் நடந்தா யாருக்கு அறிவிக்க வேணுமெண்டு. உண்மையைச் சொல்றன் மகள், நீ நாலு பக்கத்துக்கு எழுதின சந்தோசம் ஒண்டும் என்ட கண்ணில படேல்ல, அந்த ஒரு வரிதான் பட்டது. முப்பது வருசம் துறைமுகத்துல நிண்டவன், வெளிக்கிட்ட கப்பல் எல்லாம் திரும்பி வராதெண்டு கண்டவன். பயமாயிருக்கு எண்டு எழுத வெட்கப்பட்டுக் கோவமா எழுதினன். பொம்புளப் புள்ள எட்டு மாசம் ஆம்பிளையளோட கப்பல்ல போனா ஊர் என்ன கதைக்குமெண்டு எழுதினன். போறதெண்டா எனக்கு இனிக் கடிதம் போட வேணாமெண்டும் எழுதினன். ஊர் ஒண்டும் கதைக்கேல்ல, கதைச்சது நான் மட்டுந்தான். தாளை அலுமாரியில நான் உடுக்கிற சாரத்துக்குக் கீழ வைச்சுப் பூட்டினன்.

அதுக்குப் பிறகு உன்னட்ட இருந்து ஒரு எழுத்துமில்லை. நீ கேப்பாய், மூண்டு மாசமா வாப்பாவும் ஏன் இன்னொரு கடிதம் போடேல்லையெண்டு. அது என்ட தொழில் தந்த வியாதி. சிக்னல் ஸ்டேஷன்ல விளக்கால கப்பலுக்குச் செய்தி சொல்லேக்க, ஒரு சொல்லு அனுப்பிப்போட்டு நிக்க வேணும். அங்கால கப்பல்ல நிக்கிறவன் விளங்கிட்டுதெண்டு ஒரு மின்னல் காட்டினாத்தான் அடுத்த சொல்லு. காட்டாட்டி அதே சொல்லைத் திருப்பி அனுப்பு, இல்லாட்டி பேசாம நில்லு. முப்பது வருசம் அப்பிடி நிண்டு நிண்டு வீட்டிலயும் அதே மாதிரி ஆகிட்டன். நான் ஒண்டு சொல்லிட்டன், இனி நீ பதில் சொல்லு, அது வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டன். உம்மா கத்துவா, இவர் மனிசனா விளக்குக் கம்பமா எண்டு. எழுதுங்களன், எழுதுங்களன் எண்டு செப்டம்பர் முழுக்கச் சொன்னா. மகள் முதல்ல பதில் போடட்டும் எண்டு நான் கதிரையில சாய்ஞ்சு கிடந்தன்.

இப்ப விசயத்துக்கு வாறன். மாஸ்டர் ரெலிவிசன் வாங்கினது உனக்கு எழுதினனான், ஞாபகமிருக்கும். சனிக்கிழமையில பொழுதுபட மஃரிப் தொழுதுட்டுப் போனா, அந்த ஆகாயக் கப்பல் தொடர் போகும். அங்க உன்ட விடுதியிலயும் அதைப் போட்டதாவும், ஆகாயத்தில காத்தே இல்லை, வெடிச்ச சத்தம் எப்பிடி வாப்பா கேக்கும், முழுக்கப் பொய் எண்டும் நீ எழுதியிருந்தாய். உம்மாட குற்றச்சாட்டு வேற. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் மினுங்குது, ஆனா ஒரு மனிசரையும் காணேல்லையே எண்டு சொல்லிக்கொண்டு பாதியில புஷ்பவதியோட குசினிக்குப் போயிடுவா. நான் மட்டும் ரெண்டு பேருக்கும் நடுவில, பொய்யோ மெய்யோ கப்பல் எண்டா எனக்குப் போதுமெண்டு பார்த்துக்கொண்டிருக்கிறவன். போன சனிக்கிழமை வந்த பகுதி அப்பிடியில்லை மகள். அதை நீயும் பார்க்க வேணும், பார்த்திருந்தா இன்னொருக்கா நினைச்சுப் பார்க்க வேணும். படம் துவங்கேக்க மழையால புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சது, மாஸ்டர் குடையைப் பிடிச்சுக்கொண்டு வெளிய போய் அன்ரனாவைத் திருப்பித் திருப்பி, நனைஞ்சு தெப்பமா வந்து இருந்தார்.

கதை இதுதான். சனிக் கிரகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல், அதுல தம்பி. பூமியில கட்டளை குடுக்கிற இடத்துல அண்ணன். இஞ்சயிருந்து சொல்ற சொல்லு அங்க போக எண்பது நிமிசம், பதில் வர இன்னொரு எண்பது. இதைக் கேட்டதும் மாஸ்டர் கலண்டர் தாளொண்டைக் கிழிச்சுப் பின்பக்கத்துல கணக்குப் போட்டார், நூற்றி நாப்பத்திமூண்டு கோடி கிலோமீற்றரை வெளிச்சம் செக்கனுக்கு மூண்டு லட்சம் வீதம் போனா எழுபத்தொன்பது நிமிசம் சொச்சம், ஒரு நிமிசம் விட்டுக்குடுக்கலாம், பயலுகள் படிச்சிட்டுத்தான் எடுத்திருக்கிறாங்கள் எண்டார். கப்பல்ல ஒரு குழாய் வெடிச்சுக் காத்து ஒழுகத் துவங்குது. வெடிச்சது எங்களுக்குக் கேக்கேல்ல மகள், ஒரு சத்தமுமில்லை, காத்தை அளக்கிற முள்ளு மட்டும் மெல்லக் கீழ இறங்கிச்சுது. உன்னை நினைச்சுக்கொண்டன். அண்ணன் கட்டளை குடுக்கிறார், நான் சொல்லாம ஒரு கதவும் திறக்காதே, ஒவ்வொரு வேலையும் முடிய எனக்குச் சொல்லு, நான் ஓமெண்ட பிறகு அடுத்தது. தம்பி அண்ணனுக்குப் பயந்தவன். ஒரு திருகாணியைக் கழட்டிப்போட்டு ரெண்டே முக்கால் மணித்தியாலம் குளிர்ல குந்திக்கொண்டு இருக்கிறான், அண்ணன் ஓம் சொல்லட்டுமெண்டு. காத்து குறைஞ்சுகொண்டே போகுது. மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பி, அட விசரா, திறவன்டா எண்டு பெட்டியைப் பார்த்துக் கத்தினார். அந்த அண்ணன் ஆரெண்டு எனக்கு நல்லாத் தெரியும்.

பிறகு அந்த மனிசனுக்கு ஒண்டு விளங்குது. தம்பிட குரல் கேக்குதே, அது எண்பது நிமிசத்துக்கு முந்தின தம்பி. நான் கதைக்கிறது எண்பது நிமிசத்துக்குப் பிந்தின தம்பியோட. இப்ப இருக்கிற தம்பியை எனக்குத் தெரியாது, உயிரோட இருக்கிறானா எண்டும் தெரியாது. அப்ப கட்டளையை நிப்பாட்டிட்டார். அந்தக் குழாயைப் பற்றித் தனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் ஒரே மூச்சில சொல்லிட்டுக் கடைசியில சொன்னார், நீ அங்க காணுறதை என்னால இஞ்ச காண ஏலாது, நீ என்ன முடிவு எடுத்தாலும் அது நானும் எடுத்த முடிவுதான் எண்டு. பாட்டுமில்லை கூத்துமில்லை, சுவர்ல மணிக்கூடு மட்டும். அம்பது நிமிசத்துல தம்பிட குரல் வருது. அது பதிலில்லை எண்டு எனக்கு அந்தக் கணமே விளங்கிட்டுது. பதில் வாறதெண்டா நூற்றி அறுபது நிமிசம் வேணுமே. அண்ணன் வாய் திறக்க அரை மணித்தியாலம் முந்தியே அவன் அனுப்பினது அது. அண்ணா, என்னால காத்திருக்க ஏலாமப் போச்சுது, நானே கதவைத் திறந்து குழாயை அடைச்சிட்டன், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டான். இவர் சம்மதம் சொன்னதும் அவன் மன்னிப்புக் கேட்டதும் நடு வானத்துல ஒண்டையொண்டு கடந்து போயிருக்கு, ரெண்டு பேருக்கும் தெரியாமலே.

மகள், நீ கேட்ட விஞ்ஞானமும் உம்மா கேட்ட மனிசரும் அந்த இடத்துல ஒரே விசயமா வந்து நிண்டுது. வெளிச்சம் அவ்வளவு மெதுவாப் போகாட்டி அந்த ரெண்டு பேச்சும் கடந்து போயிருக்காது. அந்த அண்ணன் அப்பிடிப்பட்ட பிடிவாதக்காரன் இல்லாட்டி, எண்பது நிமிசம் எண்டது மாஸ்டர்ட கலண்டர் தாளில கிடக்கிற வெறும் கணக்கு. மாஸ்டர் சொல்றார் கணக்குச் சரியா இருந்தபடியாத்தான் படம் நல்லாயிருந்ததெண்டு. உம்மா ஒத்துக்கொள்ள மாட்டாவாம். அண்டைக்கு அவ குசினிக்குப் போகேல்ல, முக்காட்டுத் தலைப்பால மூக்கைத் துடைச்சுக்கொண்டு கடைசி வரைக்கும் இருந்தவ. ஒண்டு கவனிச்சீங்களா எண்டு கேட்டா. அண்ணனோட கதைக்க முதல் அந்தப் பொடியன் ஒவ்வொரு தரமும் தொண்டையைச் செருமினான், கடைசித் தரம் மட்டும் செருமேல்ல, பயம் போயிட்டுது எண்டா. நான் அதைக் கவனிக்கவேயில்லை, மாஸ்டரும் கவனிக்கேல்ல. வீட்டை வாற வழியில, ஒரே குடைக்குள்ள நடக்கேக்க, இன்னொண்டும் சொன்னா. உங்கட மகளும் அப்பிடித்தான், உங்களுக்குக் கடிதம் எழுத முதல் வேற தாளில எழுதிப் பார்த்து, வெட்டித் திருத்தித்தான் நல்ல தாளில எழுதுறவ, எனக்கு எழுதுறதை மட்டும் நேராவே எழுதுவா எண்டு. எனக்கு இது தெரியாது மகள். எல்லாரும் மெச்சிற மாதிரி உன்ட எழுத்து வெட்டுக் குத்தில்லாம வடிவா இருக்கெண்டு நான் பெருமையடிச்சுக்கொண்டு திரிஞ்சவன். நீ பயத்துல எழுதிப் பார்த்த தாள்கள் எத்தினை கிழிஞ்சு போச்சுதோ. வாப்பாவுக்கு அது நெஞ்சில முள்ளாக் குத்துது.

அதால இதை எழுதுறன். நீ சொன்ன திகதிப்படி கப்பல் வெளிக்கிட்டு இண்டையோட ஒரு கிழமை. நீ அதுல போயிட்டியா, வாப்பாட பேச்சால போகாம விடுதியில அழுதுகொண்டு இருக்கிறியா, எனக்குத் தெரியாது. தந்தி அடியுங்களன் எண்டு உம்மா சொல்றா, எந்த விலாசத்துக்கு எண்டு அடிக்கிறது, மூண்டு சொல்லில எதைச் சொல்றது. இதையே ரெண்டு தரம் எழுதியிருக்கிறன், ஒண்டு விடுதிக்கு, ஒண்டு கப்பல் கந்தோருக்கு, எது உன்ட கைக்கு வந்தாலும் ஒரே பேச்சுத்தான். நீ போயிருந்தா, வாப்பாட சம்மதத்தோடதான் போனனி எண்டு வைச்சுக்கொள். போகாம இருந்தா, அடுத்த கப்பல் எப்ப எண்டு கேட்டு இண்டைக்கே பெயரைக் குடு. இல்லை, உனக்கே இப்ப விருப்பமில்லாமப் போச்சுதெண்டா அதுவும் சரி. அந்தத் தாளை அலுமாரியிலயிருந்து எடுத்து, யாருக்கு அறிவிக்க வேணும் எண்ட இடத்துல என்ட பெயரை எழுதிக் கையொப்பம் வைச்சு, கப்பல் கந்தோருக்குப் போற கடிதத்தோட அனுப்புறன். பிந்தின தாள்தான். நீ வேற ஆர்ட பெயரையும் போட்டுக் குடுத்திருந்தா அது என்ட தலையெழுத்து, ஆனா ஏலுமெண்டா மாத்திவிடு, அந்த இடம் வாப்பாவுக்கு வேணும்.

போற இடத்துல குளிருக்குக் காலில கம்பளி மேசு ரெண்டு சோடி ஒண்டுக்கு மேல ஒண்டு போடு, காது மூடு. இறைச்சி ஹலாலோ எண்டு யோசனையா இருந்தா மீனையும் முட்டையையும் சாப்பிடு, பட்டினி கிடக்காதே. கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லாத் திசை மாறுமே எண்டு பள்ளிவாசல் லெப்பையிட்டக் கேட்டனான், ஏலுமான மட்டும் பார்த்துத் தொழட்டும், மிச்சம் அல்லாஹ்ட பொறுப்பு எண்டார். இனி எனக்கும் உம்மாவுக்கு எழுதுற மாதிரியே எழுது, வெட்டுக் குத்தோட, எழுத்துப் பிழையோட, கோவமெண்டாக் கோவத்தோட. உம்மா ஐஞ்சு நேரமும் உனக்குத்தான் துஆ கேக்கிறா, நானும்தான், சத்தம் போடாம. அல்லாஹ் உன்னைக் கடலிலயும் கரையிலயும் காப்பாத்தி, உன்ட அறிவால நாலு பேருக்குப் பிரயோசனம் உண்டாக்கட்டும்.

இப்ப மணி பத்தேகால். தபால்காரர் பதினொண்டுக்கு வருவார். உன்ட கடிதம் அவர்ட பையில இருந்தாலும் இருக்கும், முக்கால் மணித்தியாலம் பொறுத்து அதையும் பார்த்துட்டு இதைப் போடுங்களன் எண்டு உம்மா வாசல்ல நிண்டு சொல்றா. இல்லை மகள். உன்ட கடிதத்தைக் கண்ட பிறகு போட்டா, நீ கெஞ்சினதுக்காக வாப்பா இறங்கி வந்தாரெண்டு ஆகிடும். நீ என்ன எழுதினாய் எண்டு தெரிய முதலே வாப்பா சம்மதிச்சிட்டாரெண்டு தபால் கந்தோர் முத்திரை சாட்சி சொல்லட்டும். குடையை எடுத்திட்டன், போறன்.

உன்ட வாப்பா,
ஸஹாப்தீன்.