மூடப் பிந்தாத டயோட்

இன்று காலை வெள்ளவத்தையில் என் ரிப்பேர் கடைக்கு ஒருவர் கொண்டுவந்த லெப்டொப் சார்ஜரைத் திறந்தேன். டயோட் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. நான் மறுபடியும் உன் கொட்டாஞ்சேனை வீட்டில் நின்றேன், தோழி.

மின்வெட்டு நாட்கள் அவை. நுரையீரல் பழுதாகி, காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரத்தோடு நீ கட்டிலில் இருந்தாய். கரண்ட் போனால் அதை ஓட்டுவதற்கு நாம் இருவரும் சேர்ந்து ஒப்பேற்றிய, பற்றரியிலிருந்து கரண்ட் தரும் இன்வேட்டர் கட்டிலுக்கடியில் இருந்தது. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, கடைகள் எல்லாம் பூட்டு. நான் உன்னைப் பார்க்க வந்திருந்தபோது கரண்ட் போனது. இன்வேட்டர் ஓடத் தொடங்கி, பட்டென்ற சத்தத்தோடு நின்றது. இதே நாற்றம். உன் கணவர் கைவசமிருந்த சிறிய சிலிண்டரை உன் மூக்குக் குழாயில் மாட்டினார். வெறுமையாகக் கிடந்த மற்றதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிரப்பப் போனார். பெற்றோல் எங்கும் இல்லை. மாட்டிய சிலிண்டரின் அளவுமுள்ளும் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது.

இன்வேட்டரைத் திறந்தேன். உயர் அழுத்தப் பக்கத்தில் இருந்த நான்கு டயோட்களில் ஒன்று வெடித்திருந்தது. உன் மேசை லாச்சிக்குள் அதே பருமனில், அதே வெள்ளி வளையத்தோடு சாதாரண டயோட் ஒன்று கிடந்தது. எடுத்துக் காட்டினேன். நீ தலையை ஆட்டினாய்.

"அது வேணாம்டி. மூடப் பிந்தும்."

அஞ்சு நிமிஷமாவது ஓடும்தானே என்றேன்.

"ஓடிட்டு மத்ததையும் சுட்டுப்போடும்." அதற்கு மேல் உன்னால் கதைக்க முடியவில்லை.

டெக்னிக்கல் கல்லூரியில் ஒரே மேசையில் இருந்து நாம் படித்ததுதான். பயத்தில் எனக்கு அது மறந்திருந்தது. டயோட் மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும். திசை மாறும்போது, உள்ளே தேங்கிய மின்னேற்றம் வெளியேறும்வரை அது முழுதாக மூடாது. அந்தக் கணம் மின் பின்னோக்கிப் பாயும். வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்றுத்தான் சுற்றுகிறது, சாதாரண டயோட் அதைச் சமாளிக்கும். இன்வேட்டருக்குள் பல்லாயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் பிந்திப் பிந்தி, அத்தனையும் சூடாகி, கருகிவிடும்.

நீ மூலையில் இருந்த பழைய பெரிய டீவியைக் காட்டினாய். அதன் பவர் பகுதியிலும் வேகமாக மூடும் டயோட் உண்டு.

பின்மூடியைக் கழற்றினேன். படக்குழாயில் மின் மிஞ்சியிருந்து என்னைத் தூக்கி அடித்தால் உனக்கு யார்? வயர் கட்டிய ஸ்குரூட்ரைவரால் முதலில் அதை இறக்கினேன். பிறகு இன்னொன்று உறைத்தது: கரண்ட் இல்லாமல் ஈயம் உருக்கும் சோல்டர் அயன் சுடாது. அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும், ஒட்சிசன் ஓடும் வீட்டில். டீவியின் பவர் போர்ட்டையும் இன்வேட்டரையும் குசினிக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்துவிட்டு, நெருப்பைப் பற்றவைத்தேன். டீவியின் டயோட்டைக் கழற்றி இன்வேட்டரில் பற்றவைக்கும்போது ஈயம் வேறிடத்தில் விழுந்தது, சுரண்டியெடுத்து மறுபடி வைத்தேன். கதவுக்கு அப்பால் நீ இருமும்போது பயந்தேன். இருமல் நின்றபோது அதைவிடப் பயந்தேன். உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கவும் துணிவு வரவில்லை.

வேலை முடிந்து, அடுப்பை அணைத்துவிட்டு இன்வேட்டரோடு கட்டிலடிக்கு வந்தபோது உன் கணவர் படியேறி வந்தார். தோளில் அதே வெறும் சிலிண்டர்.

"எங்கயும் இல்ல தங்கச்சி," என்றார். உன் பக்கம் அவர் திரும்பவில்லை.

உன் உதடு நீலம் பாரித்திருந்தது. எரிந்துபோன ஃபியூஸை மாற்றி, சுவிட்சைப் போட்டேன். இயந்திரம் முனகி, பிறகு சீராக ஓடியது. குழாயை அதற்கு மாற்றினோம். உன் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கரண்ட் திரும்பி வரும்வரை மூவரும் காற்றை மோந்துகொண்டே இருந்தோம். உதட்டில் நிறம் திரும்பிய பிறகு நீ மெல்லச் சொன்னாய்:

"கருகல்ல."

அடுத்த மாரிவரை நீ இருந்தாய். பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில், கரண்ட் இருக்க, இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, போய்விட்டாய். அன்று திறந்து பார்க்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.

இப்போது மின்வெட்டு குறைவு. ஆனாலும் வீட்டில் மின்விசிறி நின்றால் என்னையறியாமல் மூச்சை அடக்கிவிடுகிறேன். மகள்தான் கண்டுபிடித்து, "மூச்சு விடுங்கம்மா" என்று தோளைத் தட்டுவாள். ஓம் என்பேன். ஆனால் கரண்ட் வந்த பிறகுதான் முழு மூச்சு விடுவேன்.