அஞ்சு நிமிஷக் குடித்தனம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஆலை கேட்டில்தான் குடும்பம் நடத்தினோம். அவர் காலை ஷிஃப்ட் முடித்து வெளியே வருகிறார், நான் மதிய ஷிஃப்டுக்கு உள்ளே போகிறேன். ஒன்று ஐம்பத்தைந்திலிருந்து இரண்டு மணி வரை எங்கள் சந்திப்பு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்று நாங்களே கேட்டு வாங்கிய ஏற்பாடு. அவளுக்கு இப்போது பதினான்கு வயது. ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. கேட் காவலர் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் அஞ்சு நிமிஷக் குடித்தனம்.

அந்த ஐந்து நிமிடத்தில் இன்று ஒரு சண்டையும் போட்டாகிவிட்டது. அவர் இருப்பது இந்த ஆலையின் பழைய ஊதுலையில். பதினெட்டு வருடமாக நிலக்கரித் தூளைக் குழாய் வழியாக உலைக்குள் ஊதுவது அவர் வேலை. நான் இருப்பது புது மின் உலையில். எங்களுக்குப் பக்கத்துக் கோபுரத்தில், ஹைட்ரஜன் இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நீராவியாகப் போய்விடும். மிஞ்சும் இரும்பை நாங்கள் மின்சாரத்தில் உருக்குகிறோம்.

"நிலக்கரி இல்லாத உலையும் ஒரு உலையா? வரிசையா பத்து ஹீட் ஊத்திக் காட்டு, நான் மீசையை எடுத்துடறேன்" என்றார், காவலரைச் சாட்சி வைத்து. ஹீட் என்றால் ஒரு முறை உருக்கி ஊற்றுவது. அந்த மீசை எனக்கு முன்பே அவருக்கு வாய்த்தது. ஆலையில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மீசை என்றால் எல்லாருக்கும் தெரியும்.

பார்க்கலாம். சவரக்கத்தி என் கையில்தான்.

மார்ச் 6, வியாழன்

மேலாளர் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஏப்ரல் 12க்குள் பத்து ஹீட், நடுவில் நிற்காமல். முடியாவிட்டால் ஊதுலைக்குள் புதுச் செங்கல் அடுக்கி இன்னும் பதினைந்து வருடம் அதையே ஓட்டுவார்கள். எங்கள் உலையை மூடிவிடுவார்கள். நான் பழையபடி பரிசோதனைக் கூடத்தில் இரும்பு மாதிரிகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மேலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒரு சிட்டிகை கரிகூட இல்லாத உலை" என்று பலகை எழுதி, அவரே ஏணியில் ஏறி மாட்டினார். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

மூன்று ஹீட் ஒழுங்காகப் போயிற்று. நாலாவதில் நின்றுவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

நேற்று எழுத மனசில்லை. காது இன்னும் ரீங்காரமிடுகிறது. மின்முனையிலிருந்து பாயும் நெருப்பு மூடியில்லாமல் கிடந்து அப்படி ஒரு உறுமல். எதிரே நிற்பவர் வாயசைவுதான் தெரிகிறது, வார்த்தை கேட்கவில்லை. சூடு இரும்புக்குப் போகாமல் சுவரில் அடித்து, குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் சுவர்த் தகட்டில் ஓட்டை விழுந்து கசிந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடு பால் மாதிரி நுரைத்துப் பொங்கி அந்த நெருப்பை மூட வேண்டும். நுரைக்க வாயு வேண்டும். வாயு வர உள்ளே கொஞ்சம் கரி வேண்டும். நாங்கள்தான் ஒரு சிட்டிகைகூட இல்லை என்று பலகை மாட்டி மார்தட்டிக்கொண்டோமே! தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேனே, எனக்கு என்ன கேடு? பலகை தலைக்கு மேலே தொங்கும்போது யார் போய்க் கரி கேட்பது என்ற வெட்கம். அவ்வளவுதான்.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

மேலாளர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, இதை நான் ஏணியில நிக்கும்போதே சொல்லியிருக்கலாமே?"

நிலக்கரி வேண்டாம், தோட்டங்களில் கழித்துப் போடும் கிளைகளைச் சுட்ட கரி போதும் என்றேன். அந்த மரங்கள் நேற்று வரை காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைத்தான் திரும்பக் கொடுக்கப்போகின்றன. யுகயுகமாகப் பூமிக்குள் கிடந்ததைத் தோண்டி எரிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அளவும் குறைவு, ஒரு டன் இரும்புக்கு ஏழெட்டு கிலோ. மேலாளர் ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். இந்த முறையும் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

மானம் போயிற்று. கரியை முகப் பவுடர் மாதிரி நைஸாக அரைத்துப் பெருமையாக ஊதினோம். அத்தனையும் கசடைத் தொடாமலே காற்றோடு மேலே போனது. மேலே கிரேன் ஓட்டும் அக்கா இறங்கி வந்தபோது கண் இரண்டு மட்டும் தெரிந்தன. "கல்யாணத்துக்குப் போகணும்னு இன்னிக்கு லீவு கேட்டேன், குடுத்தீங்களா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் உலை நுரைக்கவில்லை. பதினெட்டு நாள்தான் மீதி.

மார்ச் 26, புதன்

இந்த ஆலையில் தூள் ஊதத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவரிடமே போய்க் கேட்பதா? என் உலை ஜெயித்தால் அவர் உலை அணையும். இதை நாங்கள் இருவரும் இதுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. மீசையைப் பற்றி மட்டும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இன்று ஒன்று ஐம்பத்தாறுக்குக் கேட்டுவிட்டேன். அவர் காலணியில் ஒட்டிய கரியைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிச் சங்கு ஊதிவிட்டது.

மார்ச் 27, வியாழன்

இன்றும் பதில் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டே போனார்.

மார்ச் 30, ஞாயிறு

வந்தார்! அவருக்கு இன்று வார விடுமுறை. கேட்டைத் தாண்டி என்னோடு சேர்ந்து உள்ளே நடந்தார். காவலருக்கு வாய் பிளந்துவிட்டது.

எங்கள் கரியை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, மூஞ்சிக்குப் பூசறதா? நிலக்கரிக்கு இந்த நைஸ் சரி. மரக்கரி எடையே இல்லாதது, மிளகு அளவு வச்சுக்கோ" என்றார். குழாயையும் இறக்கிச் சாய்த்தார். "மேல நின்னு ஊதாத. கசடுக்குள்ள குத்தி ஊது."

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். உறுமல் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, பிறகு அடங்கிப்போனது. கதவு இடுக்கில் நுரை பொங்கி நிற்கிறது. அந்த அமைதியில் மேலேயிருந்து ஒரு பாட்டு! கிரேன் அக்கா வருடக்கணக்காகப் பாடிக்கொண்டே ஓட்டியிருக்கிறார், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நன்றாக வேறு பாடுகிறார்.

எல்லாரும் மேலே பார்த்துக் கைதட்டியபோது அவர் என் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார். "அந்த உலைக்குப் பதினெட்டு வருஷம் ஊட்டிவிட்டவன் நான். அணைக்கறப்ப கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா உன்னை நுரை இல்லாம தவிக்க விட்டுட்டு வீட்ல உக்கார முடியல."

உறுமல் அடங்கியதால் இதையும் கேட்க முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று துடைத்துக்கொண்டேன், அவர் நம்பவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பத்து!!

காலை ஷிஃப்ட் ஆட்கள் எட்டுக்குத் தொடங்கினார்கள், மாலை ஆறு நாற்பதுக்கு நாங்கள் பத்தாவதை ஊற்றினோம். அவர் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், மகளையும் வரவழைத்துப் பார்வையாளர் மேடையில் நின்றார். இருவர் தலையிலும் தொப்பி, கண்ணில் கண்ணாடி. பத்தாவதுக்கு மகள் போட்ட சத்தம் உலையின் பழைய உறுமலையே தோற்கடித்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

வேண்டாம் என்று நானே கெஞ்சினேன். "நீங்க சொல்லிக் குடுத்துத்தானே ஜெயிச்சோம், பந்தயம் செல்லாது."

"சாட்சி வச்சுச் சொன்ன வாக்கு" என்று குளியலறைக்குள் போனார். திரும்பி வந்தவரைப் பார்த்து மகள், "அம்மா, யாரோ அப்பா சட்டையைப் போட்டுட்டு வந்திருக்காங்க" என்றாள். மேலுதடு வெளுத்துக் கிடக்கிறது. வெயிலே பார்க்காத இடம். சின்னப்பிள்ளை முகம். அழகாகத்தான் இருக்கிறார், சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

ஏப்ரல் 28, திங்கள்

ஊதுலையின் கடைசிக் கரி வால்வை நானே மூடுவேன் என்று கேட்டு வாங்கி மூடினார். கேட்டில் இன்று ஐந்து நிமிடமும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காவலர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 5, திங்கள்

ஊதுலை ஆட்கள் எல்லாரையும் எங்கள் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். கரி ஊதும் குழாய் இனி அவர் பொறுப்பு. இருவருக்கும் காலை ஷிஃப்ட். வீட்டுச் சாவி மகளிடம். இரண்டு டிபன் டப்பாவையும் ஒரே பையில் வைத்தேன்.

"யார் உள்ள, யார் வெளிய?" என்றார் காவலர்.

"ரெண்டு பேரும் உள்ளதான்" என்றார் இவர்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. உள்ளே போக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பழக்கதோஷம், கேட்டிலேயே நின்றுவிட்டோம்.