மூன்றாவது வீட்டில் விட்டு வந்த ஸ்பேனர்

ஏங்க,

ஆஸ்பத்திரியில் எனக்குக் காலை ஷிஃப்ட். நீங்கள் அசந்து தூங்கியதால் எழுப்பவில்லை. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சின்னவளுக்கும் மிச்சம் வையுங்கள்.

ஸ்பேனரைத் தேடி வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம். நேற்று நாம் விலைக்குப் பார்த்த மூன்றாவது வீட்டின் சமையலறையில் கிடந்ததாம். புரோக்கர் போன் செய்தார், காலையில் கொண்டு வருவார். எந்த வீடு என்றும் கேட்பார்.

எனக்கு அந்த மூன்றாவது வீடுதான். நீங்களோ, "அது பழைய வீடு, தினம் ஏதாவது ஒழுகும். நாலாவதுதான் புதுசு" என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். வழியெல்லாம் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. முதல் இரண்டு வீட்டிலும்தான் குழாய் ஒழுகியது. "எந்தப் புண்ணியவான் மாட்டினானோ!" என்று நகர்ந்துவிட்டீர்கள். மூன்றாவதில் மட்டும் உங்கள் பிளம்பிங் பையைத் திறந்து, சட்டையெல்லாம் நனைய உட்கார்ந்து, ஒழுகலை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தீர்கள். என் தம்பி கேட்டும் கொடுக்காத ஸ்பேனரை அங்கேயே மறந்தும் விட்டீர்கள்.

புரோக்கருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். நான் வாயே திறக்க மாட்டேன்.

பி.கு.: நம் சமையலறைக் குழாய்க்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன், நிரம்பினால் கொட்டிவிடுங்கள். அதைச் சரிசெய்யச் சொன்னால், "வாடகை வீட்டுக்கு நான் ஏன் மெனக்கெடணும்? சொந்த வீடுன்னா செய்வேன்" என்பீர்களே.

நேற்று செய்துவிட்டீர்கள்.