மாடிப்படியில் விழாத பெலாயோ

திருவனந்தபுரம்
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வினீத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடலளவில் நன்றாக இருக்கிறோம். உன்னையும், அந்த அயல்நாட்டில் உன்னைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடும், நம் மாடி வீட்டுப் பெலாயோவின் தாயார் மரீசா அம்மாளையும் ஒரு குறையும் அண்டாமல் காக்கும்படி பழவங்காடிப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். உடலளவில் என்று ஏன் குறிப்பிட்டேன் என்பது மேலே படித்தால் விளங்கும். போனில் பேசிக்கொண்டிருக்கும் அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ பேசும்போதெல்லாம் அந்த அம்மாள் பக்கத்தில் அமர்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைத் திரையில் காண்கிறேன். தமிழ் புரியாவிட்டாலும் உன் முகம் அவருக்குப் புரிந்துவிடும். ஆகவே இதை உன் அறைக்குள் தனியாக இருந்து படி, படித்த பின் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வா.

பெலாயோவால் இனி கால்பந்து ஆட முடியாது. இதை எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் இந்த ஒரு வரியில்தான் வந்து நிற்கும் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். வலது முழங்காலில் தசைநார் அறுந்ததோடு உள்ளே குருத்தெலும்பும் சிதைந்துவிட்டது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், பஸ் ஏறலாம், பந்தை மட்டும் மறந்துவிடச் சொல்லுங்கள் என்றார். ஏதோ உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதைப் போலச் சொன்னார். மாத இறுதியில் பெலாயோ தன் ஊருக்குப் புறப்படுகிறார். அதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் இங்கே ஆடிய கிளப்பைச் சேர்ந்தவர்கள் வழியாக உன் காதுக்கு வேறு விதமாக வந்திருக்கலாம். போனக்காட்டில் நம் அருமைநாயகம், தேயிலை எஸ்டேட் பையன்களைச் சேர்த்து ஒரு அணி வைத்திருப்பதும், ஞாயிறுதோறும் பெலாயோ அங்கே போய்ப் பயிற்சி கொடுத்து வந்ததும் உனக்குத் தெரியும். மே மாதம் வித்துராவில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயம் நடந்தது. அரையிறுதிக்கு முன்பு போனக்காட்டு அணியின் நடு ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல். அருமைநாயகம் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "சாரே, ஒரு ஆளு குறவு. சாயிப்பு நடுவுல சும்மா நின்னா மதி, ஓடக்கூட வேண்டாம்" என்றார். வெள்ளைக்காரர் என்பதால் பெலாயோவை அவர் சாயிப்பு என்றுதான் கூப்பிடுவார். கால்பந்துச் சங்கத்தில் பதிவு செய்த ஆட்டக்காரர் அனுமதி பெறாத செவன்ஸில் இறங்கக் கூடாது, இறங்கினால் ஒப்பந்தம் ரத்து, அதில் ஏற்படும் காயத்துக்கு கிளப் பொறுப்பல்ல. இத்தனை ஆண்டு ரெஃப்ரியாக விசில் ஊதியவன் என்ற முறையில் இருவரையும் உட்கார வைத்து இதை எடுத்துச் சொன்னேன். பெலாயோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெட் கார்டு காட்டிக்கோங்க சார்" என்று சிரித்தபடி அருமைநாயகத்தோடு ஜீப்பில் ஏறிவிட்டார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, பஸ் பிடித்துப் பின்னாலேயே போனேன். எந்த ஆட்டத்துக்குப் போகும் முன்பும் பழவங்காடியில் தேங்காய் உடைக்காமல் போகாத பெலாயோ அன்று உடைக்கவில்லை. கேட்டதற்கு, இது மேட்ச் இல்லை சார், விளையாட்டு என்றார்.

யாரும் அவரைத் தொடவில்லை வினீத். அதை நான் என் கண்ணால் பார்த்தேன், தொட்டிருந்தால் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பான். பந்து காலுக்கு வரும் முன்பே இரண்டு தோள்களுக்கும் பின்னால் பார்த்து, வந்ததும் அரைவட்டமாகத் திரும்புவாரே, நம் மொட்டை மாடியில் உனக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த அந்தத் திருப்பம், அதைத்தான் செய்தார். உடல் திரும்பியது, மண்ணில் புதைந்த கால் திரும்பவில்லை. அவர் நாட்டில் பக்கத்து ஊர்ப் பெரிய கிளப் பத்தொன்பது வயதில் அவரை முதல் டிவிஷனில் இறக்கியதும் அந்தத் திருப்பத்துக்காகத்தான், அங்கே இடம் நிலைக்காமல் இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், சைப்ரஸ், போலந்து என்று ஒவ்வோர் ஊராக இறங்கியபோதும் அவரை எடுத்துக்கொண்டவர்கள் அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள், கடைசியில் நம் மாடி வீட்டுக்குக் குடிவரச் செய்ததும் அதுதான். சாலையைக் கடக்கும்போதுகூட இரண்டு தோளுக்கும் பின்னால் பார்ப்பவர். ஒரு மனிதன் பள்ளிப் பருவம் முதல் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரு குழியில் சிக்கிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு என்னிடம் விசில் இல்லை.

மறுநாள் கிளப் மேனேஜர் ஹரிகுமார் வீட்டுக்கு வந்தார். அவர் நல்லவர், அதில் எனக்கு ஐயமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குற்றாலலிங்கம் சாரே, நம்ம மாடிப்படி பாசி பிடிச்சு கெடக்குதுல்லே? ஆளு அதுல வழுக்கி விழுந்தாரு. அத்ரே உள்ளூ" என்று, அவ்வளவுதான் விஷயம் என்பதாகச் சொன்னார். விழுந்தது வீட்டுப் படியில் என்றால் ஆபரேஷனை கிளப் பார்த்துக்கொள்ளும், இந்த சீசன் முடியும்வரை ஒப்பந்தம் நிற்கும், பிறகு ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளலாம். கமிட்டி கேட்டால் வீட்டுக்காரனாகிய நான் ஆமாம் என்று சொன்னால் போதும். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனாலும் நான் சரி என்றேன். நான் எதிர்வார்த்தை பேசுவேன் என்று பயந்து உன் அம்மா கதவோரம் நின்று, "இந்த ஒரு தடவையாவது சட்டம் பேசாம கெடங்க" என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. எத்தனையாவது படி என்று கேட்டால் என்ன சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்தேன்.

கமிட்டியில் என்னைக் கேட்கும் வரை பெலாயோ விடவில்லை. ஹரிகுமார் மாடிப்படி என்று ஆரம்பித்ததுமே, உன் அம்மாவிடம் கற்ற தமிழில், "சார் வீட்டுப் படியில நான் விழல. அது அம்மா தினம் துடைக்கிற படி. நான் வித்துராவுல விழுந்தேன்" என்று சொல்லிவிட்டார். ஹரிகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு விதி என்ன சொல்கிறதோ அது நடந்தது, ஒப்பந்தம் ரத்து. அந்த விதியை நான் நாள்தோறும் மனத்துக்குள் புரட்டிப் பார்க்கிறேன். அதில் பிழை கிடையாது. ஆட்டக்காரர்களைக் காப்பதற்காகவே எழுதப்பட்டது, நாளை என்னிடம் கேட்டாலும் இருக்க வேண்டும் என்றே சொல்வேன். பிழை இருந்தால் சண்டையிடலாம், சரியாக இருக்கும் ஒன்றை என்ன செய்வது. உன் அம்மா காலையில் வழக்கம்போல அந்தப் படியைத் துடைக்கிறாள், துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். மேலே அவர் பெட்டி கட்டும் சத்தம் கேட்கிறது. நொண்டி நொண்டி நடக்கும் சத்தமும் கேட்கிறது.

எனக்கு இப்போது உன்னைப் பற்றிய கவலை வேறு பிடித்துக்கொண்டது. அவர் அனுப்பித்தான் நீ அங்கே போனாய், அவர் சிறு வயதில் ஆடிய மைதானத்தில் அவர் இடத்திலேயே ஆடுகிறாய், அவர் படுத்த கட்டிலில் படுக்கிறாய். அவருக்கு வந்ததைவிட மேலான ஒரு முடிவு உனக்கு வரும் என்று எந்த ஆதாரத்தை வைத்து நான் நம்புவது? திறமையும் ஒழுக்கமும் நேர்மையும் போதும் என்று உன்னிடம் சிறு வயது முதல் சொல்லி வளர்த்தேன். அவரிடம் இவை மூன்றும் இருந்தன. மூன்றாவதுதான் கடைசியில் அவரை வெளியே அனுப்பியது. ஆட்டத்தை விட்டுவிடு என்று எழுத இரண்டு முறை முயன்றேன், எழுத வரவில்லை. தொடர்ந்து ஆடு என்றும் எழுத வரவில்லை. படிப்பை மட்டும் நிறுத்திவிடாதே, அதைக் கட்டளையாகவே சொல்கிறேன். மற்றதில் உனக்குச் சொல்ல உன் அப்பாவிடம் ஒன்றுமில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை உனக்கு எழுத வேண்டி வரும் என்று நினைத்ததேயில்லை.

இனி, நீ செய்ய வேண்டியது. தன் தாயார் மரீசா அம்மாளிடம் விடுமுறைக்கு வருவதாக மட்டும் பெலாயோ சொல்லியிருக்கிறார். முழங்கால் லேசான சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறார். மகன் இன்னும் ஒரு சீசன் ஆடுவான் என்று அந்த அம்மாள் தெருவில் எல்லாரிடமும் சொல்வதாக நீயே சொன்னாய். கமிட்டி முன்னால் என்னை ஒரு பொய் சொல்ல விடாதவர், தாயாரிடம் உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வராமல், வினீத்திடம் சொல்லுங்கள் சார், நானே சொல்லும்வரை அவன் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே அவராகச் சொல்லும் நாள் வரை சுளுக்கு என்றே நீயும் சொல். பொய் சொல்லாதே என்று உன்னை அடித்திருக்கிறேன், அதே அப்பா இதைக் கேட்கிறேன்.

அவர் வரும் முன் அவர் அறையைக் காலி செய்து கூடத்துக்கு மாறிவிடு. ஸ்டேஷனுக்கு நேரத்தோடு போ, பெட்டியை நீ வாங்கிக்கொள், அவர் கொடுக்க மறுப்பார், விடாதே. அந்த வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்று சொல்லியிருக்கிறாய். மேலே வாசலில் அந்த அம்மாள் நின்று எட்டிப் பார்ப்பார். பெலாயோவின் காலைப் பார்க்காதே, கையும் கொடுக்காதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ முன்னால் ஏறு, உன்னால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஏறு. இந்தத் தாமதம் உன்னால்தான் என்று மேலே இருப்பவருக்குத் தோன்ற வேண்டும்.

அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. நீ நீண்ட ஆயுளோடு இரு, உன் கால்கள் உனக்குத் துணையிருக்கட்டும். அம்மா பெலாயோவிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள், பெட்டி கனமாகத்தான் இருக்கும். பிள்ளையாருக்கு அவர் உடைக்காமல் விட்ட தேங்காயை இன்று நான் உடைத்தேன், இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
குற்றாலலிங்கம்