புகை விடுகிறேன்

மார்ச் 4

காலையில் ஒரு லிஃப்ட் நடுமாடியில் மாட்டிக்கொண்டது. அதை இறக்கிவிட்டு, கிரீஸ் கையோடு மருத்துவமனைக்கு ஓடினேன். நெஞ்சைத் தட்டையாக்கும் அறுவைக்குத் தேதி கேட்க. டாக்டரம்மா என் சட்டைப்பையைப் பார்த்தார். "முதல்ல சிகரெட்டை விடுங்க. புகை பிடிச்சா காயம் ஆறாது. அப்புறம்தான் தேதி."

பெண் என்று இந்த உடம்புக்கு முத்திரை குத்தினார்கள். எத்தனை வருடமாக மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டுகிறேன்! விடுதலை வரும்போது குறுக்கே நிற்பது விரல் நீளக் குச்சி. வெளியே வந்ததும் என்ன செய்தேன்? பற்ற வைத்தேன். புத்தி!

நர்ஸ் ஒரு எண் கொடுத்திருக்கிறார். திருநர்கள், தன்பால் விருப்பம் உள்ளவர்கள் சிகரெட்டை விடுவதற்குப் போனில் செய்தி அனுப்பித் துணை நிற்கிறார்களாம். எழுதுவதும் நம்மவர்களே.

மார்ச் 6

முதல் செய்தி: "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

இப்படி யார் கேட்டார்கள் இதுவரை? பதில் போட்டேன்: "தம்பின்னே கூப்பிடுங்க."

அடுத்தது, முதல் சிகரெட் யாரோடு என்று. மேஸ்திரி நீட்டினார், வாங்கினேன். அன்றைக்குத்தான் பட்டறையில் என்னையும் ஓர் ஆம்பளையாகச் சேர்த்துக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத ஆளுக்கு எழுதிவிட்டேன்.

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது தம்பி. நாளைக்கு அவங்க நடுவுல வெறும் டீ மட்டும் குடிச்சுப் பாருங்க."

மார்ச் 7

குடித்தேன். வாய் நமநமவென்றது. மேஸ்திரி பாக்கெட்டை நீட்டினார், வேண்டாம் என்றேன். "என்னடா, சாமியாராயிட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. இதற்கா இத்தனை நாள் பயந்தேன்?

மார்ச் 12

எல்லோர் மேலும் எரிச்சல். ஸ்குரூ டிரைவர் மேலும்.

மார்ச் 29

அக்கா போன் செய்தாள். மகளுக்குப் பிறந்தநாளாம், வரச் சொன்னாள். பிறகு இழுத்தாள். "அப்பா என்ன சொல்றாருன்னா... பழைய பேரோட வரதா இருந்தா வரட்டும்னு..."

நான் செத்தாக்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் அழுவாரா? அழுவாரா முதல்ல? — நேரே கடைக்குப் போனேன். பழைய குருடி, கதவைத் திறடி.

"பிடிச்சுட்டேன்" என்று எழுதினேன். நன்றாகத் திட்டு விழும் என்று நினைத்தேன். வந்ததோ, "யாரு என்ன சொன்னாங்க தம்பி?"

அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டிவிட்டது. எல்லாவற்றையும் எழுதினேன்.

"அவர் பேசினதுக்கு உங்க நெஞ்சை ஏன் சுடுறீங்க? மிச்சத்தைத் தண்ணியில போட்டுட்டு எழுதுங்க. இங்கேயேதான் இருக்கேன்."

போட்டேன்.

ஏப்ரல் 18

மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டார். "எப்படிடா விட்ட? என் பொண்டாட்டி கெஞ்சிக் கெஞ்சி வாய் ஓஞ்சுபோச்சு." பாவம். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மே 20

பதினோராம் மாடி வரைக்கும் படியேறினேன், லிஃப்டைச் சரிசெய்ய. மூச்சு வாங்கவில்லை. கீழே இறங்கும்போது மருத்துவமனையிலிருந்து போன் — தேதி கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 17

கட்டுப் பிரித்தார்கள். "அழகா ஆறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. குனிந்து பார்த்தேன். என் நெஞ்சு.

மாலையில் அக்கா என் அறைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால், வாசலில், அப்பா! உள்ளே வரவா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் இருமிக்கொண்டே நின்றார். வந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். அக்கா காபி வாங்கப் போனதும் தொண்டையைச் செருமினார்.

"ஏதோ மெசேஜ் வருமாமே. சிகரெட்டை விடறதுக்கு. அக்கா சொன்னா."

"ஆமாப்பா."

"அது உன்ன மாதிரி ஆளுங்களுக்கு மட்டுந்தானா?"

"அப்படித்தான் சொன்னாங்க. ஏன்?"

மறுபடியும் இருமல். "இல்ல... பையனுக்கு அனுப்பறவங்க, அப்பனுக்கு அனுப்ப மாட்டாங்களா?"

எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததா என்று அதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.