மாமா கொண்டுவந்த புடவை

வெள்ளி, இரவு

செகண்ட் பி.யு., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, ஃபேர்வெல்லுக்குப் பெண்பிள்ளைகள் புடவையில்தான் போவார்கள். என் மகள் ரம்யாவுக்கு என்னுடையதில் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். காலையில் பொம்மசந்திராவிலிருந்து என் தம்பி பட்டுப்புடவையோடு வந்து நின்றான். நான் கேட்டேனா?

சாயங்காலம் அவனே பைக்கில் போய் அவளைக் கூட்டிவந்தான். அவள் கட்டியிருந்த அந்தப் பட்டுப்புடவையை மாற்றி, மடித்து நீட்டினாள்.

"தேங்க்ஸ் மாமா. எடுத்துட்டுப் போங்க."

"நீயே வெச்சுக்கோ. ரிசல்ட் வந்ததும் வேணும்ல?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். இவரும் தம்பியும் என்னைக் கேட்காமலேயே அவளை அவனுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள் என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் பதினேழுதான்.

அவளும் சிரித்தாள். "பி.காம் சேர்றதுக்குப் பட்டுப்புடவை எதுக்கு மாமா?"