ஓங்காத கம்பு

பேத்தி ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகத்தை என் மடியில் போட்டாள். புது அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. அதில் ஒரு வாள்வீரன், எதிரே நிற்பவள் பெண் என்று தெரிந்ததும் வாளை உறையில் போடுகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உன் நினைவும் வந்தது. நீ கண்ணை மூடி மூன்று மாதம்தான் ஆகிறது. நீ படம் வரைந்து வைத்த கொப்பியைப் பார்த்துத்தான் அந்த ஜப்பான்காரன் வரைந்தானோ என்னவோ.

எழுபதுகளில், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நீ வரைந்த சண்டைக்கதைக்கு நம் லயத்து வீடுகள் அத்தனையும் காத்துக் கிடக்கும். நமக்குப் பதினெட்டு வயது. உனக்குக் கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் வேலை, எனக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. கதையில் வரும் கொள்ளைக்காரிக்கு என் முகத்தைத்தான் வைத்தாய், என்னைக் கேட்காமலே. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் அவள் கம்பெடுத்தால் போதும், உன் வீரன் கையைக் கட்டிக்கொள்வான்.

“அவன் அடிக்கலேன்னா அவ எப்பிடி ஜெயிக்கிறது?” என்றேன்.

“பொம்பளைய அடிக்கிறவன் வீரனா புள்ள?” என்றாய்.

அண்ணன்மாரோடு சிலம்பம் பழகியவள் நான். திருவிழாவில் மட்டும் என்னைக் களத்தில் இறங்க விடமாட்டார்கள். பொம்பளைப் பிள்ளையோடு எவன் கம்பு சுத்துவான் என்பார்கள். ஒரு தரமாவது ஒருவன் என்னை மதித்து எதிரே நிற்க வேண்டும், எனக்கு வேறெந்த ஆசையும் இல்லை. அது நீதான் என்று நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கும் மட்டக்கம்பு இரண்டைக் கொண்டுவந்து, ஒன்றை உன் கையில் திணித்தேன். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. தடுப்பாய் என்று நினைத்து முழு வீச்சில் இறக்கினேன். நீயோ கம்பைத் தாழ்த்தினாய். அடி மணிக்கட்டில் விழுந்தது. அதுவும் படம் வரைகிற கை.

பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கோபமும் அடங்கவில்லை.

“ஏன் தடுக்கல?”

“ஒனக்குப் பட்டுருச்சுன்னா?”

“பட்டா படட்டும். இப்ப நீ நல்லவன், நான் சும்மா நின்னவனை அடிச்சவ. ஒனக்கு நல்ல பேரு வாங்க நான்தான் கெடைச்சேனா?”

மாவுக்கட்டுக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். பிறகு, “தப்புத்தான் புள்ள” என்றாய்.

கட்டுப் பிரித்ததும் கம்பைக் கேட்டு வாங்கினாய். லயத்து வாசலில், அத்தனை பேர் முன்னாலும் எதிரே நின்றாய். துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. உன் முழங்காலில் நான் இரண்டு வைத்தேன், என் தோளில் நீ ஒன்று வைத்தாய். தோற்றது நான்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் தோற்றதில்லை. பிறகு எவனெவனோ என்மேல் இரக்கப்பட்டான், எல்லாம் மறந்துவிட்டது. நீ வைத்த அந்த ஒரு அடி மறக்கவில்லை.

உன்னைத் தூக்கிய அன்று உன் மகன் வந்து என்னை மறித்தான். நல்ல மனசோடுதான். “பொம்பளைங்க மயானத்துக்கு வரவேணாம் பெரியம்மா. நீங்க தாங்கமாட்டீங்க” என்றான்.

“ஒங்கப்பாகிட்ட அடி வாங்கினவ தம்பி நான். தாங்குவேன்” என்று சொல்லிவிட்டு, உன் பின்னாலேயே நடந்தேன்.